மழையில் செத்த கன்று வெயிலிலேயே வருத்தக்காரன்

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக, மொட்டைமாடியில் தோட்டம் வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பங்குனி, சித்திரையில் மத்தியானமானால் தக்காளியும் கத்தரியும் தலையைத் தொங்கப்போடுகின்றன. காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுகிறேன், வாடினால் இடையிலும் ஊற்றுகிறேன். தக்காளிப் பூவெல்லாம் கொட்டுகிறது. வைகாசி மழை தொடங்கியதும் மிச்சமும் அழுகிப்போகிறது. வெயிலுக்கு என்ன செய்ய, மழைக்கு என்ன செய்ய?"

இரண்டுக்கும் வேரில்தான் வேலை. அந்த இடையில் ஊற்றும் தண்ணீரைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

கடும் வெயிலில் இலை இழக்கும் தண்ணீரை வேர் அதே வேகத்தில் இழுத்துக் கொடுக்க முடியாது. அப்போது இலை தொங்கும். மண்ணில் ஈரம் இருந்தாலும் தொங்கும். பின்னேரம் ஐந்து, ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்தால் கன்றுக்கு ஒன்றுமில்லை. காலையிலும் வாடியே நின்றால்தான் யோசிக்க வேண்டும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமென்றால் ஊற்ற வேண்டாம். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். கொதிக்கும் சாடியில் சேறாக நிற்கும் வேருக்கு மூச்சு முட்டும். நுனிவேர்கள் கறுத்து அழுகத் தொடங்கும், மேலே ஒன்றும் தெரியாது. பிறகு மழை நாலு நாள் விடாமல் பெய்ததும் கன்று சாயும், பழி மழையில் விழும்.

ஆகவே சாடியைச் சூடாகவிடாமல் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. கறுப்புப் பிளாஸ்டிக் சாடியின் மேற்குப் பக்கத்தைப் பின்னேரம் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், அல்லது பழைய உரப்பையால் சுற்றுங்கள். கொங்கிரீட் தளம் பகல் வெக்கையை இராத்திரி வரைக்கும் வைத்திருக்கும் என்பதால் ஒவ்வொரு சாடியையும் இரண்டு செங்கல்லில் தூக்கி வையுங்கள். அடித்துவாரம் தளத்தில் ஒட்டாமல் இருப்பது மழைக்கும் உதவும். மண்ணின் மேல் காய்ந்த இலையோ, கவிழ்த்த பொச்சு மட்டையோ போடுங்கள். பதினொரு மணி தொட்டு மூன்று மணி வரைக்கும் ஐம்பது வீத நிழல்வலை போதும். அதற்கு மேல் அடர்த்தியானது கீரைக்குச் சரி, காய்க்கும் கன்றுக்குச் சரிவராது. தண்ணீர் விடிய ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த இறப்பர் குழாயென்றால் முதலில் வருகிற சுடுதண்ணீரை ஓடவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

பூ கொட்டுவது வேறு கதை. பகல் 32 பாகை செல்சியஸைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. கொழும்பில் சித்திரையில் சூரியன் நேர் உச்சியில், இரவிலும் 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எந்த மருந்தும் அந்தப் பூவைக் காயாக்காது, கடையில் விற்கும் போத்தலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நாட்களை மாற்றுங்கள். கார்த்திகையில் மழைக்கு ஒதுக்குப்புறமாக நாற்றுப் போட்டால் மார்கழியில் சாடிக்கு மாற்றலாம், தையில் பூக்கும். கொழும்புக்கு மழை குறைந்து, இரவு கொஞ்சம் குளிரும் காலம் அதுதான். பங்குனி, சித்திரையை வெண்டி, பயற்றங்காய், பசளிக்கு விட்டுவிடுங்கள். மிளகாய் தாக்குப்பிடிக்கும், ஆனால் வறண்ட வெக்கையில் இலை சுருளும். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி. வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து பின்னேரம் மட்டும் இலையின் அடியில் அடியுங்கள். மத்தியானம் அடித்தால் இலை கருகும்.

மழைக்கு முன்னேற்பாடு சித்திரையிலேயே நடக்க வேண்டும். சாடியைச் சரித்து அடித்துவாரத்தைப் பாருங்கள், வேர் அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். கலவையில் தும்புச்சோறு அதிகமென்றால் மழையில் அது தண்ணீரை விடாது. கழுவிய ஆற்றுமணலும் கூட்டெருவும் கலந்து இளக்குங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். பெருமழைக்கு முதல் நாள் யூரியா போடுவது கானுக்குப் பசளை போடுவது. மழை ஓய்ந்து புதுத் துளிர் தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை அளவே போதும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் தண்டமும் கட்ட நேரும்.

மழைக்குப் பிறகு பச்சையாக நின்ற தக்காளியோ கத்தரியோ ஓரிரு நாளில் அப்படியே தொங்கினால், அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் நுனி மட்டும் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல ஏதும் வடிந்தால் பக்டீரியா வாடல் நோய். அதற்கு மருந்தில்லை. கன்றை மண்ணோடு அகற்றுங்கள், அந்த மண்ணைக் கூட்டெருக் குவியலிலும் போடாதீர்கள், அந்தச் சாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள். நூல் வடியாவிட்டால் வேரைக் கழுவிப் பாருங்கள். கறுத்து, தோல் உரிந்து வந்தால் தண்ணீர் செய்த வேலை.

உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை, கடற்காற்று. தென்மேல் பருவக்காற்று உப்பை நேரே மாடிக்குக் கொண்டுவரும். கடலைப் பார்த்த பக்கத்து இலையோரம் மட்டும் கருகினால் அது நோயில்லை. மழையில்லாமல் காற்று மட்டும் வீசிய நாளில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மேற்குப் பக்கம் வலை கட்டுங்கள். இறுக்கமான பொலித்தீன் கட்டினால் பாய்மரம்போல் காற்றைப் பிடித்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

வளிமண்டலவியல் திணைக்களம் பலத்த காற்று என்று அறிவித்தால் தொங்கும் சாடிகளை இறக்குங்கள், மதில்மேல் இருப்பவற்றைத் தரைக்கு எடுங்கள், உயரமான கன்றுகளைச் சாடியோடு சுவர் ஓரம் படுக்க வையுங்கள். ஒரு நாள் படுத்துக் கிடந்தால் செத்துப்போகாது. இடி தொடங்கிய பிறகு சாடி எடுக்க மாடிக்கு ஏற வேண்டாம். பங்குனி, சித்திரைப் பின்னேரங்களில்தான் இங்கே மின்னல் மோசம்.

வெள்ளம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் நிலத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016 வைகாசியில்போல் களனி கங்கை கரை கடந்து வந்தால் அந்தத் தண்ணீரில் மலக்குழியும் கலந்திருக்கும். அது தொட்ட வல்லாரை, பொன்னாங்காணியைப் பிடுங்கி எறியுங்கள், கழுவிச் சாப்பிடப் பார்க்காதீர்கள். நிலம் காயும் வரை மிதிக்கவும் கொத்தவும் வேண்டாம், ஈரமண் இறுகினால் வேருக்குக் காற்றுப் போகாது. வாடல் நோயைத் தாங்கும் தக்காளி இனத்தின் விதை வேண்டுமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்து, கொழும்பு என்று சொல்லியே கேளுங்கள்.