இருபத்தைந்தாம் தேதி பனி வருமா? – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்கு ஏழு வயது. கிறிஸ்துமஸ் அன்று பனி பெய்ய வேண்டும் என்று நவம்பரிலிருந்தே அவளுக்கு ஒரே நச்சரிப்பு. போதாததற்கு மதுரையிலிருந்து என் அம்மா வந்திருக்கிறார். பனியைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் தெருவில் யார் முகத்தில் முழிப்பது என்பது அவர் கவலை. ஜனவரி 4ஆம் தேதி கிளம்புகிறார்.

டிசம்பர் 12ஆம் தேதி போனில் பார்த்தபோது 25க்கு நேராகப் பனிப்பூ படம் இருந்தது. மகள் துள்ளிக் குதித்துப் பாட்டியிடம் காட்டினாள். 14ஆம் தேதி பார்த்தால் மழை. 16ஆம் தேதி வெறும் மேகம். நேற்று மறுபடியும் பனி. இன்று காலை இன்னொரு செயலியில் ‘பனி வாய்ப்பு 30%’ என்கிறது. “அப்பா, இவங்க பொய் சொல்றாங்களா?” என்று கேட்கிறாள். அம்மாவோ, “மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாது, உன் போனுக்கு என்னடா தெரியும்?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அலுவலகத்தில் ஒருவர் பனி பெய்யும் என்று பத்து பவுண்டு பந்தயம் வேறு கட்டியிருக்கிறார்.

இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் ஒரு வாரத்துக்கு முன்னால் ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை? குழந்தையிடம் நான் என்ன சொல்வது? வரும் என்றா, வராது என்றா?

ஆர்., லீட்ஸ்

அன்புள்ள ஆர்.,

உங்கள் அம்மா சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி அந்த 30 சதவீதத்தில் இருக்கிறது. பனி வருமா என்று போனுக்குத் தெரியாதுதான். ஆனால் தனக்கு எந்த அளவுக்குத் தெரியாது என்பது அந்த எண்ணைப் போட்டவர்களுக்குத் தெரியும். நீங்கள் பார்த்த எல்லாவற்றிலும் நேர்மையானது அதுதான். 12ஆம் தேதி வந்த பனிப்பூவைத்தான் நம்பியிருக்கக் கூடாது.

1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் கணினியில் ஒரு சின்ன வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கணக்கைப் பாதியிலிருந்து திரும்ப ஓட்ட நினைத்து, முன்பு அச்சிட்டு வைத்திருந்த தாளைப் பார்த்து எண்களைத் தட்டினார். கணினிக்குள் இருந்த எண் 0.506127. தாளில் இருந்தது 0.506. இவ்வளவு சின்ன வித்தியாசம் என்ன செய்துவிடப்போகிறது என்று காபி குடிக்கப் போய்விட்டு வந்தால், இரண்டாவது ஓட்டம் முதலாவதோடு கொஞ்ச தூரம் ஒட்டிப் போய், பிறகு சம்பந்தமே இல்லாத வேறொரு வானிலைக்குப் போயிருந்தது. காற்று அப்படிப்பட்டது. கடலுக்கு மேலே எங்கோ அரை டிகிரி தப்பாக அளந்தால், பத்து நாள் கழித்து லீட்ஸில் அது பனியா மழையா என்கிற கேள்வியாகிவிடும்.

அதனால் இப்போது ஒரே கணக்கை நம்புவதில்லை. ரெடிங்கில் தலைமையகம் உள்ள ஐரோப்பிய வானிலை மையம் 1992 முதல் ஒரே நாளின் வானிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்க்கிறது. இன்று அப்படி 50 ஓட்டங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வாசலிலிருந்து 50 பிள்ளைகள் கிளம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தெருமுனை வரை கும்பலாகத்தான் போவார்கள். மூன்றாவது தெருவில் நாலைந்து குழுக்கள் ஆகிவிடும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு சந்து. 25ஆம் தேதி என்ற சந்தில் 15 பிள்ளைகள் பனிக்குள் நின்றால் அதுதான் உங்கள் 30 சதவீதம். பெரும்பாலான செயலிகள் இந்தக் கூட்டத்தைக் காட்டுவதில்லை. யாரோ ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தி ‘இதோ பனி’ என்கின்றன. அடுத்த நாள் வேறொரு பிள்ளை. உங்கள் மகள் கேட்டதற்குப் பதில்: பொய் இல்லை. ஆனால் பதினைந்து நாளைக்கு ஒரே அளவு நிச்சயத்தோடு வரிசையாகப் படம் போட்டுக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காத வேலை. நாளைய குடையும் அடுத்த வாரத்துப் பனிப்பூவும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தால் குழந்தை எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கும்? ஏன், நாமே கண்டுபிடிப்பதில்லை.

பிரிட்டனில் இது இன்னும் சிக்கல். இங்கே குளிர்காலத்தில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மேகத்தில் பனியாகப் பிறந்ததுதான். இறங்கிவரும் வழியில் உருகி மழையாகிவிடுகிறது. ஆகவே பனி உண்டாகுமா என்பதைவிட, கடைசிச் சில நூறு மீட்டரில் அது உருகாமல் தப்புமா என்பதே கேள்வி. தரையருகே 2 டிகிரிக்கு மேல் போனால் பொதுவாகத் தப்பாது. மேற்கிலிருந்து காற்று வந்தால் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வந்தால் நமக்குச் சாதகம். இரண்டுக்கும் நடுவே, காற்று எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் கிடக்கிற தீவு இது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. உருகும் பனி சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் காற்று மந்தமாக இருக்கும் இரவில் மழை வலுத்துப் பெய்யப் பெய்யக் காற்று தானே குளிர்ந்து, திடீரென்று பனியாக மாறிவிடுவதும் நடக்கிறது.

பந்தயம் கட்டிய நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். பிரிட்டனின் அரசு வானிலை நிறுவனமான மெட் ஆபீஸ் கணக்கில் ‘வெள்ளைக் கிறிஸ்துமஸ்’ என்றால், டிசம்பர் 25ஆம் தேதியின் 24 மணி நேரத்துக்குள் பிரிட்டனில் எங்காவது ஒரு பனிப்பூ விழுந்ததாகப் பதிவாக வேண்டும். ஒன்றே ஒன்று போதும், தரையில் தங்கவேண்டும் என்றுகூட இல்லை. ஒரு காலத்தில் இதற்காக லண்டன் வானிலை மையத்தின் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஊர் ஊராகப் பந்தயம் வாங்குகிறார்கள், எந்த ஊருக்குக் கட்டினார் என்று சீட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2023இல் நாட்டின் 11 சதவீத வானிலை நிலையங்களில் கிறிஸ்துமஸ் அன்று பனி விழுந்தது. தரையில் கிடந்ததாக ஒரு நிலையமும் சொல்லவில்லை. கணக்குப்படி வெள்ளைக் கிறிஸ்துமஸ். ஆனால் எந்தக் குழந்தையும் பனிமனிதன் செய்திருக்காது.

உங்கள் மகள் மனதில் இருப்பது வேறு பனி. காலையில் திரையை விலக்கினால் தெரு, கார், குப்பைத்தொட்டி எல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடக்க வேண்டும். 1960க்குப் பிறகு நாட்டின் 40 சதவீதத்துக்கும் அதிகமான நிலையங்களில் கிறிஸ்துமஸ் காலையில் பனி படிந்து கிடந்தது நான்கே முறை: 1981, 1995, 2009, 2010. இதில் 2010தான் உச்சம், 83 சதவீதம். அந்த டிசம்பர் பிரிட்டனில் நூறு வருடங்களில் காணாத குளிர். அப்போதும் அன்றைக்கு விழுந்தது குறைவு. முந்தைய நாட்களில் விழுந்தது உருகாமல் கிடந்தது. அதனால் 25ஆம் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், 22, 23இல் என்ன விழுகிறது, அதன் பிறகு குளிர் நிற்கிறதா என்று பாருங்கள்.

நம் ஆட்கள் காலத்தைப் பிரித்ததில் முன்பனி, பின்பனி என்று இரண்டு உண்டல்லவா? மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. அது பனித்துளியின், மூடுபனியின் கணக்கு, இந்த ஊர்ப் பனிக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் இங்கே வந்த பிறகு அந்தப் பிரிவு எனக்கு அதிகமாகப் பயன்படுகிறது. டிசம்பரில் சுற்றியுள்ள கடல் கோடையின் சூட்டை இன்னும் முழுக்க விடவில்லை. பிப்ரவரி, மார்ச்சில்தான் அது மிகவும் குளிர்ந்து கிடக்கும். பிரிட்டனின் பனி பின்பனிக்காரன். கிறிஸ்துமஸ் வருவதோ முன்பனியின் தொடக்கத்தில், மார்கழி பத்து வாக்கில். போதாததற்கு 1752இல் இவர்கள் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாளை 14ஆம் தேதி ஆக்கி, 11 நாட்களைத் தூக்கிவிட்டார்கள். பழைய கணக்கே தொடர்ந்திருந்தால் பண்டிகை இப்போதைய ஜனவரிக்குள் வந்திருக்கும். பூமி சூடாகிவருவது வேறு இருக்கிற கொஞ்ச வாய்ப்பையும் குறைத்துக்கொண்டிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. “பனி வந்தா எழுப்புப்பா” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தூங்கப் போனாள். வெளியே ஒன்றரை டிகிரி, நல்ல மழை. சமையலறை விளக்கை அணைத்துவிட்டுத் தெருவிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பனியை வானத்தில் தேடினால் தெரியாது, தெருவிளக்கின் கீழேதான் தேட வேண்டும். மழை அங்கே நேர்க்கோடாக இறங்கும். பதினொன்றரை மணிக்கு அந்தக் கோடுகளில் சில தடிக்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் சில வேகம் குறைந்தன. அப்புறம் ஒன்று பக்கவாட்டில் போனது. மழைத்துளி பக்கவாட்டில் தயங்காது. கூரை ஜன்னலில் கேட்டுக்கொண்டிருந்த படபடப்பும் அடங்கிவிட்டது. ஓடிப்போய் எழுப்பினேன். தூக்கக் கலக்கத்தில் அவள் சாக்ஸ் வேண்டும் என்றாள், ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. என் கறுப்புக் கோட்டைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மறுபடியும் கோடுகள்தான். “போயிடுச்சா?” என்றாள். போய்விட்டது என்றேன். அப்போது கோட்டுக் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆறு முனைகளில் நான்கு முழுதாக இருந்தன. அவள் மூச்சு பட்டதும் தண்ணீராகிவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். “அந்த மெட் ஆபீஸ்காரங்ககிட்ட சொல்லணும், நம்ம வீட்டுல ஒண்ணு விழுந்துச்சுன்னு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். மணி பன்னிரண்டு ஆகியிருக்கவில்லை. கணக்குப்படி அது 24ஆம் தேதிப் பனி, செல்லாது. அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. இங்கே எழுதியதால் இனி தெரிந்துவிடும்.

சரி, உங்கள் மகளிடம் என்ன சொல்வது? வரும் என்றும் சொல்லாதீர்கள், வராது என்றும் சொல்லாதீர்கள். 30 சதவீதத்தையே சொல்லுங்கள். பத்துச் சீட்டு எழுதி, மூன்றில் பனி, ஏழில் மழை என்று போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள், தினமும் ஒரு தடவை. எண் மாறினால் சீட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏழு வயதுக்கு இது நன்றாகவே புரியும். சீட்டில் மழை வந்தால் முகம் சுருங்கும், பரவாயில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருப்பதில் அதுவும் ஒரு பகுதி. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பிருந்துதான் பனி வாய்ப்பைச் சரியாகச் சொல்ல முடியும் என்பது மெட் ஆபீஸே சொல்வது. இன்று 19. அதனால் நாளை சாயங்காலம் வரை போனைத் தொடாமல் இருந்தாலும் நஷ்டமில்லை.

அப்புறம், லீட்ஸில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். லண்டனில் இருக்கும் எனக்கு இந்த வசதி கிடையாது. உங்களுக்கு வடமேற்கே ஓட்லி ஊருக்கு மேலே செவின் என்று ஒரு குன்று இருக்கிறது, உச்சி 282 மீட்டர். கீழே ஊருக்கும் மேலே உச்சிக்கும் 200 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த ஏற்றத்தில் ஒன்றரை டிகிரி குறைய வாய்ப்புண்டு. இந்த நாட்டில் பல நாள் மழைக்கும் பனிக்கும் நடுவே இருப்பதே அந்த ஒன்றரை டிகிரிதான். கீழே உங்கள் தெருவில் மூன்று டிகிரியில் மழை பெய்தால் சலித்துக்கொள்ளாமல் மேலே போய்ப் பாருங்கள். கிறிஸ்துமஸ் அன்று ரயில் ஓடாது, பஸ்ஸையும் நம்ப முடியாது, சொந்தக் கார் இல்லையென்றால் யாரிடமாவது இப்போதே கேட்டுவையுங்கள். சாலை உறைந்திருந்தால் மட்டும் வேண்டாம். மூன்றேமுக்கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், சாப்பாட்டுக்கு முன்பே கிளம்புவது நல்லது. உச்சியில் சர்ப்ரைஸ் வியூ என்று கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அம்மா காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம்.

அவருக்கு ஜனவரி 4 வரை நேரம் இருக்கிறது. மதுரையில் யாரும் தேதி கேட்கப் போவதில்லை.

மகளுக்குக் கறுப்பு நிறத்தில் ஒரு கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுங்கள். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பனிப்பூ தெரியாது. பந்தயம் கட்டியவருக்கு என்ன ஆயிற்று என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.