வலப்பக்கப் பின் டயர் மட்டும் உரசுவது ஏன்?

கேள்வி: 1960-களின் பிற்பகுதியில் வெளிவந்த என்னுடைய நான்கு கதவுக் காரைச் சீரமைத்து வருகிறேன். பின்புறம் லீஃப் ஸ்பிரிங்கும் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஒரே துண்டான ஆக்ஸிலும் கொண்டது. கையேட்டில் டயர் அளவு 5.60-15 என்று உள்ளது. நான் வாங்கியபோது 4.5 ஜே (அதாவது 4.5 அங்குல) அகலமும் 30 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்ட இரும்பு வீல்களில் 165 ஆர் 15 ரேடியல் டயர்கள் இருந்தன. இப்போது 6 ஜே அகலமும் 20 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்ட அலாய் வீல்களில் 195/65 ஆர் 15 டயர்களைப் போட்டிருக்கிறேன். பின்னிருக்கையில் இருவர் அமர்ந்து மேடுபள்ளத்தில் சென்றால் வலப்பக்கப் பின் டயர் மட்கார்டின் விளிம்பில் உரசுகிறது, இடப்பக்கம் உரசுவதில்லை. ஸ்பேசர் போடலாமா, அல்லது மட்கார்டு விளிம்பை மடக்கிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஸ்பேசர் என்பது வீலை மேலும் வெளியே தள்ளும் தகடு. உங்கள் டயரோ வெளிப்பக்கத்தில்தான் உரசுகிறது. மட்கார்டு விளிம்பை மடக்குவது பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், டயர் எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீங்கள் தந்திருக்கும் எண்களே அதற்குப் போதுமானவை.

ஹப்பில் (ஆக்ஸில் முனையில் வீலைத் தாங்கும் பாகம்) வீல் பொருந்தும் முகத்திலிருந்து எல்லாவற்றையும் அளக்க வேண்டும், ஏனென்றால் வீலை மாற்றினாலும் காரில் மாறாமல் இருக்கும் இடம் அது ஒன்றுதான். ஆஃப்செட் என்பது அந்த முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம். நேர்மதிப்பாக இருந்தால் நடுக்கோடு காரின் உட்புறமாக இருக்கிறது என்று பொருள். பழைய டயரின் அகலம் 165 மி.மீ., அதில் பாதி 82.5. அதனோடு 30-ஐக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உட்புறம் 112.5 மி.மீ., கழித்தால் வெளிப்புறம் 52.5 மி.மீ. கிடைக்கின்றன. புதிய டயரில் பாதி 97.5; ஆஃப்செட் 20. ஆகவே உட்புறம் 117.5, வெளிப்புறம் 77.5. அதாவது உட்புறம் 5 மி.மீ. மட்டுமே கூடியிருக்க, வெளிப்புறம் 25 மி.மீ. கூடியிருக்கிறது. டயர் 30 மி.மீ. அகலமாகியிருக்கிறது என்பதை மட்டும் நினைத்தால், இரு பக்கமும் 15 மி.மீ. பங்கிட்டுக்கொண்டிருக்கும் என்று தோன்றும். ஆஃப்செட் 10 மி.மீ. குறைந்ததால் அந்தப் பங்கீடு முழுவதும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது.

இந்தக் கணக்கில் ரிம் அகலத்தை எடுத்துக்கொள்ளாமல் டயரின் அகலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், முதலில் உரசுவது டயரின் பக்கச்சுவர் என்பதுதான். ரிம் அகலம் அரை அங்குலம் கூடினால் அதே டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மி.மீ. வேறுபாடும் உண்டு. எனவே டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை முதல் மதிப்பீட்டுக்கு மட்டுமே நம்புங்கள். காற்றடைத்துக் காரில் மாட்டிய டயரை அளந்து கிடைப்பதே உண்மையான அளவு.

உயரத்தைப் பொறுத்தவரை நீங்கள் தவறு செய்யவில்லை. 5.60-15 என்பது அங்குலக் கணக்கில் குறிக்கப்பட்ட, உள்ளிழைகள் குறுக்குமறுக்காகச் செல்லும் பழைய கிராஸ்-பிளை டயர். பிறகு வந்த 165 ஆர் 15 போன்ற, 195/65-இல் உள்ள 65 போன்ற விகிதம் குறிப்பிடாத ரேடியல் டயர்களில் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 80 முதல் 82 சதவீதம். 80 என்று கொண்டால் மொத்த விட்டம் 645 மி.மீ.; உங்கள் 195/65 ஆர் 15 டயரின் விட்டம் 634.5 மி.மீ. குறைவு 1.6 சதவீதம்தான். வேகமானியின் முள் சற்றே கூடுதலாகக் காட்டும், பொருட்படுத்த வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை 3 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம்.

இனி, வலப்பக்கம் மட்டும் ஏன்? உங்கள் கேள்வியில் முக்கியமான செய்தி இதுதான் என்று நான் கருதுகிறேன். டயர் இரு பக்கமும் ஒரே அளவு வெளியே வந்திருக்கிறது; ஆனால் கார் இரு பக்கமும் ஒரே அளவாக இல்லை. அந்தக் காலத்துக் கார்களில் இது வியப்புக்குரியதன்று. மட்கார்டுகள் கையால் சரிபார்த்துப் பொருத்தப்பட்டவை. ஐம்பது ஆண்டுகளில் எத்தனை முறை துருவை வெட்டி ஒட்டுப் போட்டிருப்பார்கள், எந்தப் பக்கத்தில் மோதி நிமிர்த்தியிருப்பார்கள் என்பதும் தெரியாது. பின் ஆக்ஸில் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கவும் கூடும்.

எது காரணம் என்பதைப் பிரித்தறிய இரண்டு அளவுகள் போதும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, மட்கார்டு விளிம்பின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் வெளி விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காருக்கு அடியில் டயரின் உட்சுவருக்கும் சேசிஸ் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். சட்டத்திலிருந்து இரு தூரங்களும் சமமாக இருந்து, நூல் மட்டும் வேறுபட்டால், கோணல் மட்கார்டில் இருக்கிறது. சட்டத்திலிருந்தே வேறுபட்டால் ஆக்ஸில் ஒதுங்கியிருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கின் கண்களில் (முனை வளையங்களில்) உள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கின்றனவா, ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் வளைந்திருக்கிறதா, ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யு-போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ரப்பர் புஷ்களை மாற்றிய பிறகு மீண்டும் அளக்காமல் வீல் வாங்குவது வீண் செலவு. ஆக்ஸில் 4 மி.மீ. ஒதுங்கினால் இரு பக்க இடைவெளிகளுக்கும் இடையே 8 மி.மீ. வேறுபாடு தோன்றும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நின்ற காரை அளப்பது மட்டும் போதாது. ஸ்பிரிங் முழுமையாக அமுங்கிய நிலையில்தான் உண்மை வெளிப்படும். லீஃப் ஸ்பிரிங்கில் கண்கள் உள்ள முதன்மைப் பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பட்டைகளைக் கழற்றி, உடலை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, ஆக்ஸிலை ஜாக்கியால், மேலேறும் எல்லையில் அதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை மெல்ல உயர்த்துங்கள். டயரின் மேல் களிமண் உருண்டைகளை ஒட்டிவைத்தால், எங்கே எவ்வளவு நெருங்குகிறது என்பது அவை நசுங்கிய தடிமனிலிருந்தே தெரிந்துவிடும். முதலில் இரு பக்கமும் சேர்ந்து உயரும்படியும், பிறகு ஒரு பக்கம் மட்டும் உயரும்படியும் செய்து பாருங்கள். ஒரே துண்டான ஆக்ஸிலில் ஒரு பக்கம் மட்டும் உயரும்போது, உயர்ந்த டயரின் மேற்புறம் உள்நோக்கிச் சாய்கிறது. ஆகவே தனிப்பக்க ஏற்றம் உட்புற இடைவெளியைச் சோதிக்கும். வெளி விளிம்புக்குக் கடுமையான சோதனை இரு பக்கமும் சேர்ந்து உயர்வது. பின்னிருக்கையில் இருவர் அமர்ந்தபோது உரசியது என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு சரியாகப் பொருந்துகிறது.

மட்கார்டு விளிம்பை மடக்குவதற்கு வருகிறேன். பல பழைய கார்களில் அந்த விளிம்பு, வெளித்தகடும் உட்தகடும் சேர்த்துப் புள்ளிப் பற்றவைப்பில் இணைக்கப்பட்ட இடம். அதை மடக்கும்போது பெயின்ட் விரிசல் விடும், இணைப்பை அடைத்திருக்கும் சீலர் பிளக்கும், இரு தகடுகளுக்கும் நடுவே நீர் இறங்கித் துருப்பிடிக்கும். வீலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வெட்டி மடக்கிய மட்கார்டை மீட்பது கடினம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், 5.5 ஜே அகலமும் 25 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்ட வீல்களில் 185/70 ஆர் 15 டயர்களைப் போட்டிருப்பேன். பாதி அகலம் 92.5; உட்புறம் 117.5, வெளிப்புறம் 67.5. உட்புறம் நீங்கள் இப்போது சிக்கலின்றி ஓட்டும் அதே அளவு; வெளிப்புறம் 10 மி.மீ. உள்ளே வருகிறது. விட்டம் 640 மி.மீ., மூல அளவுக்கு இப்போதையதைவிட நெருக்கம். இந்த 10 மி.மீ. போதுமா என்பதை மேலே சொன்ன களிமண் சோதனைதான் தீர்மானிக்கும். டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் உங்கள் காரின் எடைக்கும் வேகத்துக்கும் ஈடுகொடுக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

முன்புறம் உரசவில்லை என்றாலும் அங்கேயும் இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. ஆஃப்செட் 10 மி.மீ. குறைந்ததால் டயரின் நடுக்கோடு ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. வெளியே நகர்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து அது விலகிய அளவுக்குத் திருப்புவது கனமாகும், பிரேக் போடும்போது ஒருபக்கம் இழுக்கும் தன்மை கூடும், ஹப் பேரிங்கும் கூடுதல் சுமை தாங்கும். புதிய வீல் வாங்கும்வரை, ஸ்டீயரிங்கை இருபுற எல்லைக்கும் திருப்பிப் பார்த்து, டயரின் உள் ஓரம் வீலைத் திருப்பும் டை ராடையோ பிரேக் ஹோஸையோ தொடுகிறதா என்று சரிபாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: பழைய இரும்பு வீலின் நட்டுகளையே அலாய் வீலுக்கும் பயன்படுத்தியிருக்கிறீர்களா? நட் அமரும் இடம் 60 பாகைக் கூம்பாகவும், உருண்டையாகவும், வாஷரோடு தட்டையாகவும் என்று பல வகையில் இருக்கும். கூம்பு நட் உருண்டைக் குழியில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். இறுக்கியதுபோல் தோன்றினாலும் ஓட்டத்தில் தளர்ந்துவிடும். அலாய் வீலின் தடிமன் அதிகம் என்பதால் ஸ்டட்டின் (ஹப்பிலிருந்து நீண்டு வீலைப் பிடிக்கும் மரைத்தண்டு) மரை நட்டுக்குள் போதுமான அளவு இறங்குகிறதா என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஸ்டட்டின் விட்டம் அளவுக்கேனும் மரை இறங்க வேண்டும், 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்ட ஸ்டட்டில் அது எட்டு முழுச் சுற்று.

புதிய வீல் தேடும்போது ஸ்டட் வட்டத்தின் (எல்லா ஸ்டட்டுகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டம்) விட்டத்தில் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லுக்கு இடம் கொடுக்காதீர்கள். நான்கு ஸ்டட் ஹப்பில் 98 மி.மீ. வட்டமும் 100 மி.மீ. வட்டமும் உண்டு, ஐந்து ஸ்டட்டில் 120 மி.மீ. உண்டு, 120.65 மி.மீ. உண்டு. இவை ஒன்றுக்கொன்று மாட்டிவிடுவதுபோல் தோன்றும்; ஆனால் நட்டுகள் ஸ்டட்டுகளைச் சாய்த்து இழுத்துக்கொண்டிருக்கும். உங்கள் ஹப்பில் ஐந்து ஸ்டட்டுகள் இருந்தால், அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டுகளின் மையத் தூரத்தை அளந்து 1.7013-ஆல் பெருக்குங்கள், நான்கு என்றால் எதிரெதிரான இரண்டின் மையத் தூரமே விடை.

பழைய இரும்பு வீல்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றில் ஒன்று ஸ்டெப்னியாக இருக்குமானால், அதன் ரிம்மில் டியூப்லெஸ் டயரின் விளிம்பை நழுவாமல் பிடிக்கும் மேடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரேடியலுக்கு உரிய டியூப்போடு மட்டும் பயன்படுத்துங்கள். அந்த ஸ்டெப்னியில் கிராஸ்-பிளை டயர் இருந்தால், ரேடியலோடு ஒரே ஆக்ஸிலில் அதைச் சேர்க்கக் கூடாது. டயரின் பக்கத்தில், அது செய்யப்பட்ட காலத்தைக் காட்டும் டி.ஓ.டி. குறியீட்டின் இறுதி எண்களையும் பாருங்கள்: நான்கு எண்கள் இருந்தால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு, மூன்றே எண்கள் இருந்தால் அது 2000-க்கு முன் செய்யப்பட்ட டயர், அதைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள்.