உடுப்பு எடுக்காமல் சப்பாத்து மட்டும் மாற்றினால் அலுமாரி புதுசாகுமா?

கேள்வி: "எனக்குச் சப்பாத்து வாங்குவதில் பைத்தியம். வீட்டில் ஏசுகிறார்கள். உடுப்பை விட்டுவிட்டு இதில் காசு போடுவது வீணா?"

வீண் இல்லை. நானும் அதே கட்சிதான். ஆனால் கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு நிபந்தனை: வாங்கியதைப் போட வேண்டும், பெட்டியில் பூட்டி வைக்கக்கூடாது.

என்னிடம் கடுநீலப் பருத்திக் குர்தா ஒன்று இருக்கிறது. கறுப்பு மூடிய சப்பாத்தோடு போட்டால் கோட்டைக்குப் போகும் கந்தோர் உடுப்பு. வெள்ளை ஸ்னீக்கர்ஸ் போட்டால் ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடல். மஞ்சள் வார்ச் செருப்போடு போன அன்று, அந்தக் குர்தாவைப் பலமுறை பார்த்த சிநேகிதியே "புதுசா? எங்க எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். துணி எடுத்தால் தையற்காரரிடம் அலைய வேண்டும், சேலை எடுத்தால் அதற்கு பிளவுஸ் வேண்டும். சப்பாத்தைக் கடையிலேயே போட்டுக்கொண்டு வரலாம். கொஞ்சம் மெலிந்தாலும் கொழுத்தாலும் அது பெரும்பாலும் காலுக்குச் சரியாகவே இருக்கும்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால், பள்ளிக்கூடத்தில் இருந்துதான். வெள்ளைச் சீருடை, வெள்ளைச் சோக்ஸ், வெள்ளைச் சப்பாத்து. ஞாயிறு பின்னேரம் அதற்கு மேல் இன்னொரு பூச்சு வெள்ளை. முதல் சம்பளத்தில் நான் சிவப்பு நிறத்தில் ஒன்று வாங்கியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சரி, அந்த நிபந்தனை. என் மச்சாள் நல்ல ஹீல்ஸ் ஒன்றை "விசேஷத்துக்கு" என்று பெட்டியிலேயே வைத்திருந்தாள். கடைசியில் ஒரு கலியாண மண்டபப் படியில் அடிப்பகுதி பிட்டு மாதிரி உதிர்ந்து விழுந்தது. அன்று முழுக்க வெறுங்கால். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பல சப்பாத்துகளின் அடி பொலியூரிதேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். காற்றில் இருக்கும் ஈரம் அதை மெதுவாகச் சிதைக்கும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதன் ஆயுள் ஓடிக்கொண்டே இருக்கும். கடலோர நகரத்து ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம். ரப்பர் அடிக்கு இந்த வியாதி இல்லை. அதனால் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ ஒன்றைக் கையில் எடுத்தால், மேலே பார்க்கும் முன் திருப்பி அடியைப் பாருங்கள். ஒட்டு மட்டும்தானா, சுற்றித் தையலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பசை விட்டால், தெருவோரம் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றித் தைத்து வாங்கலாம். அடியே உதிர்ந்தால் அவரும் கையை விரிப்பார்.

மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் சுவேட் (மேற்பரப்பு மென்மயிர் போல இருக்கும் தோல்) பக்கமே போகாதீர்கள். நனைந்த தோல் சப்பாத்தை வெயிலில் வைக்காமல், உள்ளே பத்திரிகைத்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். அப்படியே அலுமாரிக்குள் தள்ளினால் பூஞ்சணம் பிடிக்கும்.

அளவு விஷயத்தில் ஒன்று. கால் பின்னேரத்தில் சற்று வீங்கியிருக்கும், கந்தோர் விட்டு வரும்போது போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. ஒன்லைனில் வாங்குபவர்கள் கவனம்: பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 8.5 மில்லிமீற்றர், ஐரோப்பிய அளவில் சுமார் 6.7 மில்லிமீற்றர். ஆகவே மாற்று அட்டவணை எதுவும் கச்சிதமாகப் பொருந்தாது. காலின் நீளத்தைத் தாளில் வரைந்து அளந்துவிடுங்கள்.

நிறைய வார் கட்டும் ரகங்கள் எனக்குப் பிடிக்கும், ஆனால் வாங்குவதில்லை. கோயில் வாசல், சொந்தக்காரர் வீட்டு வாசல் என்று ஒரே நாளில் எத்தனை தரம் கழற்றுவது!

ஒன்றே ஒன்று வாங்கக் காசிருந்தால், ரப்பர் அடி வைத்த மண்ணிறத் தட்டைச் சப்பாத்தை எடுங்கள். பருத்திச் சேலைக்கும் போகும், ஜீன்ஸுக்கும் போகும். சிவப்பு அடுத்த சம்பளத்துக்கு.