சின்னப் பெட்டி, பெரிய டிஸ்க்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். வீட்டின் ஒரு மூலையில் இரவு பகலாக ஓட, கரண்ட் அதிகம் தின்னாத ஒரு ஃபைல் சர்வர் வேண்டும். படம், பாட்டு, குடும்பப் போட்டோ எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கேள்வியை மாற்றவில்லை.

கேள்வி: பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. நண்பரோ என்100 (கரண்ட் குறைவாக எடுக்கிற ஒரு இன்டெல் சிப்) உள்ள மினி பிசி வாங்கச் சொல்கிறார். இருப்பதை ஓட்டினால் மிச்சம்தானே?

பதில்: மிச்சமா இல்லையா என்று நானும் சொல்ல முடியாது, உங்கள் நண்பரும் சொல்ல முடியாது. பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகுகிற வாட் மீட்டர்தான் சொல்லும். அதை முதலில் வாங்குங்கள், அல்லது யாரிடமாவது ஒரு நாள் இரவல் கேளுங்கள்.

கணக்கு எளிது. ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். வேலை இல்லாமல் நிற்கும்போதே 60 வாட் எடுக்கிற டெஸ்க்டாப் வருடத்துக்கு 526 யூனிட் தின்னும், 10 வாட்டில் நிற்கிற மினி பிசிக்கு 88 போதும். வித்தியாசத்தை உங்கள் ஊர் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். புதுப் பெட்டியின் விலை மூன்று வருடத்துக்குள் ஈடானால் வாங்குங்கள். அதற்கு முன் பழைய டெஸ்க்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள், 25 வாட்டுக்கு இறங்கிவிட்டால் எதையும் வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். என்100-க்கு இன்டெல் போட்டிருக்கிற 6 வாட் சிப்புக்கு மட்டும்தான், பெட்டி முழுவதற்கும் அல்ல. அப்புறம், 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் சும்மா சுழல்வதற்கே 4, 5 வாட் கேட்கும். நான்கு டிஸ்க் போட்டால் பெட்டியைவிட டிஸ்க்குகளே அதிகம் தின்னும். நான்கு 4 டிபி வாங்குவதற்குப் பதில் ஒரே 16 டிபி வாங்கினால் கரண்ட், சத்தம், சூடு மூன்றும் குறையும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு அலுவலகம் கழித்துப் போட்ட ரேக் சர்வரை மலிவாகக் கிடைத்தது என்று தூக்கி வந்தேன். படுக்கையறைக் கதவைச் சாத்தினாலும் ஃபேன் சத்தம் கேட்டது. மீட்டரில் 130 வாட், அதாவது வருடத்துக்கு 1,139 யூனிட். நாலு மாதத்தில் நிறுத்திவிட்டேன், வாங்க ஆள் கிடைக்கவில்லை.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 3 கையில் இருக்கிறது. சர்வருக்குப் போதுமா?

பதில்: போதாது. அதில் நெட்வொர்க்கும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2019-ல் வந்த பை 4-லிருந்துதான் இந்த வேலைக்கு லாயக்கு. அதிலும் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும், ஆகவே டிஸ்க்குக்குத் தனி பவர் உள்ள கேஸ் வேண்டும்.

கேள்வி: 4 டிபி டிஸ்க் வாங்கினேன். விண்டோஸ் 3.63 என்று காட்டுகிறது. மீதியைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. டிஸ்க் சரியானதுதான்.

கேள்வி: விளம்பரம் பார்த்து 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், விரல் நீளம்தான். பத்து வருடப் போட்டோக்களை அதில் ஏற்றிவிட்டு, இடம் வேண்டுமே என்று லேப்டாப்பில் இருந்தவற்றை அழித்துவிட்டேன். இப்போது ஃபோல்டரும் பெயரும் தெரிகிறது, பாதிப் படங்கள் திறக்கவில்லை. என் முட்டாள்தனம்தான், ஆனாலும் ஏதாவது வழி உண்டா?

பதில்: முதலில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள், அம்மா. இது உங்கள் முட்டாள்தனம் இல்லை. தெரிந்தே பொய் சொல்லும்படி ஒருவர் செய்து விற்ற பொருள். இப்படிப்பட்ட டப்பாக்களைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது பெரும்பாலும் ஒரு சின்ன மெமரி கார்டும் அதை யூஎஸ்பியில் இணைக்கிற பலகையும்தான். 16 டிபி இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் சொல்லும்படி அதை மாற்றி எழுதியிருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவதை அது வாங்கிக்கொண்டதாகக் காட்டிவிட்டு எங்கேயும் எழுதாது, அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே எழுதிவிடும். பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காக இருக்கும். அதனால்தான் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

உடனே செய்ய வேண்டியது: அந்த டப்பாவில் இனி ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். லேப்டாப்பையும் பயன்படுத்தாமல் மூடி வையுங்கள். அதில் இருப்பது பழைய சுழல் டிஸ்க் என்றால் அழித்த படங்கள் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, எஸ்எஸ்டி என்றால் குறைவு. லேப்டாப் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபோட்டோரெக் என்கிற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். மீட்ட படங்களை மூன்றாவது டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். போனில், பழைய மெமரி கார்டில், உறவினருக்கு அனுப்பிய மெசேஜ்களில் கிடைப்பதையும் தேடிச் சேருங்கள்.

எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்த பிறகு அந்த டப்பாவில் ஹெச்2டெஸ்ட்-டபிள்யூ (H2testw) என்கிற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள், லினக்ஸ் என்றால் எஃப்3 (F3). அது டப்பா நிறைய எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். அந்தத் திரையைப் படம் எடுத்து, பில்லையும் விளம்பரத்தையும் சேர்த்து, விற்ற தளத்துக்கும் பணம் கட்டிய கார்டு நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். "பொருள் பழுது" என்று எழுதாதீர்கள், "கொள்ளளவு போலி" என்று எழுதுங்கள். பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று விற்றவர் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுப் பணமும் உங்களுடையது.

கேள்வி: ரெய்டில் (ஒரு டிஸ்க் செத்தாலும் ஓடும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்த தொகுப்பு) ஒரு டிஸ்க் போய்விட்டது. "நாஸுக்கு ஏற்றது" (நாஸ் என்றால் நெட்வொர்க்கில் மாட்டுகிற டிஸ்க் பெட்டி) என்று பெட்டியில் போட்டிருந்த புது டிஸ்க்கை மாட்டினேன். ஐந்து நாளாக ரீபில்ட், அதாவது போன டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் திரும்ப எழுதுகிற வேலை, ஓடுகிறது, இன்னும் பாதிகூட ஆகவில்லை. டிஸ்க் பழுதா?

பதில்: பழுது இல்லை. நீங்கள் வாங்கியது அநேகமாக எஸ்எம்ஆர் டிஸ்க். மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது.

டிஸ்க்கில் எழுதுகிற முனை அகலம், படிக்கிற முனை ஒடுக்கம். சாதாரண சிஎம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றை ஒன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆரில் கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின் ஓரத்தை மூடிக்கொண்டு படுக்கும். அதே தட்டில் அதிகம் அடக்கலாம், தயாரிக்கிற செலவு குறையும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? அதன் மேல் படிந்திருக்கிற ஓடுகளையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும். டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது. ஒரு தடத்தை மாற்ற, அந்தப் பட்டையில் அதற்குப் பின்னால் உள்ள தடங்களையும் திரும்ப எழுதுகிறது. இது வெளியே தெரியாமல் இருக்க, வருவதை எல்லாம் முதலில் ஒரு தனிப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது இடம் மாற்றும். ரீபில்டில் ஓய்வே கிடையாது. அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். பதில் வரத் தாமதமாவதால் டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து ரெய்டு அதைக் கழற்றிவிட்ட சம்பவங்களும் உண்டு.

எஸ்எம்ஆர் இருப்பது குற்றம் இல்லை. ஒருமுறை எழுதிவிட்டுப் பல முறை பார்க்கிற படத் தொகுப்புக்கு, ரெய்டு இல்லாத ஒற்றை டிஸ்க்காக அது தாராளமாகப் போதும். சொல்லாமல் விற்றதுதான் குற்றம். 2020 ஏப்ரலில் வாங்கியவர்கள் தாங்களே சோதித்துக் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்றும் தங்கள் சில மாடல்களில் அறிவிக்காமல் எஸ்எம்ஆர் இருப்பதை ஒப்புக்கொண்டன. அதற்குப் பின்னரே பட்டியல்கள் வெளியாயின, வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தது. நானும் என் முதல் நாஸுக்கு ஒரே பெயர், ஒரே அட்டைப்பெட்டி என்று நம்பி இரண்டு டிஸ்க் வாங்கினேன். ஒன்று பறந்தது, ஒன்று நகரவில்லை. லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபோதுதான் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வேறு என்று தெரிந்தது. அரிசி மூட்டையில் ரகத்தை எழுதுகிறார்கள், டிஸ்க் பெட்டியில் மூன்று எழுத்து எழுத இவர்களுக்கு என்ன வலிக்கிறது?

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: திருப்பித் தரும் நாள் முடியவில்லை என்றால் இன்றே திருப்பிவிட்டு, சிஎம்ஆர் என்று தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள டிஸ்க்கைக் கேளுங்கள். ரீபில்ட் முடிகிறவரை மற்ற டிஸ்க்குகளில் இருக்கும் முக்கியமானவற்றை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் மூன்று டிஸ்க் வாங்கி வைத்தேன். எட்டு மாதம் கழித்துப் பிரித்தால் ஒன்று சுழலவே இல்லை. கடைக்காரர் எடுத்துக்கொள்ள மறுக்கிறார். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். எட்டு மாதம் பிரித்துக்கூடப் பார்க்காத பொருளுக்குக் கடைக்காரர் என்ன செய்வார்? சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மாற்றித் தருவார்கள். மீதி இரண்டையும் இன்றைக்கே சோதியுங்கள், அடுத்த வாரம் இல்லை. ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நலத்தைத் தானே சோதித்துப் பதிவு செய்கிற வசதி) நீளமான டெஸ்ட் ஒன்றை ஓட்டுங்கள். பெரிய டிஸ்க் என்றால் அரை நாளுக்கு மேல் ஆகும். முடிந்ததும் கெட்டுப்போன இடங்களை எண்ணுகிற 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளின் மூல எண்ணையும் பாருங்கள். புது டிஸ்க்கில் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

கேள்வி: சீல் வைத்த புது டிஸ்க். ஸ்மார்ட்டில் ஓடிய நேரம் பூஜ்யம். ஆனால் கனெக்டரின் தங்க நிறப் பட்டைகளில் மெல்லிய கீறல்கள், ஸ்க்ரூ ஓட்டைகளில் பெயின்ட் போயிருக்கிறது. கடையில் சொன்னால் "டெஸ்டிங் செய்ததாக இருக்கும்" என்கிறார்கள்.

பதில்: நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள், உங்கள் கண்ணை நம்புங்கள். பல முறை மாட்டிக் கழற்றிய டிஸ்க்கில்தான் இந்தத் தடயங்கள் தெரியும். ஸ்மார்ட் எண்ணைப் பூஜ்யமாக்க ஏமாற்றுக்காரர்களுக்கு வழி தெரியும். 2025 ஜனவரியில் பயன்படுத்திய சீகேட் டிஸ்க்குகளைச் சில வியாபாரிகள் இப்படித் துடைத்துப் புதிது என்று விற்றது வெளியே வந்தது. அகப்பட்டது சீகேட் டிஸ்க்குகள் உள்ளே வைத்திருக்கிற ஃபார்ம் (FARM) என்கிற தனிப் பதிவினால்தான். பல்லாயிரம் மணி நேரம் ஓடியது அதில் அப்படியே இருந்தது. உங்களுடையதும் சீகேட் என்றால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்கிற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அந்தப் பதிவைப் படிக்கலாம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தத் திரையோடு கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். மாற்று டிஸ்க் வேண்டாம், அதுவும் அதே குவியலிலிருந்துதான் வரும்.

கேள்வி: சர்வரிலிருந்து டிவியில் 4கே படம் நின்று நின்று ஓடுகிறது. இன்னும் பெரிய பிராசசர் வாங்கட்டுமா?

பதில்: எதையும் வாங்காதீர்கள். டிவியின் நெட்வொர்க் போர்ட்டைப் பாருங்கள். நிறைய டிவிகளில் அது 100 மெகாபிட்தான். 4கே டிஸ்க்கிலிருந்து சுருக்காமல் எடுத்த படம் சில காட்சிகளில் அதைத் தாண்டிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் திக்கினால் சப்டைட்டிலை நிறுத்திப் பாருங்கள். சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருந்தால் சர்வர் அதைக் காட்சியோடு ஒட்டி, மொத்தப் படத்தையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். சர்வரில் ஜெல்லிஃபின் என்கிற இலவசப் பட மென்பொருளை ஓட்டுகிறீர்கள் என்றால் அமைப்பில் இன்டெல் குவிக் சிங்க்கை (படத்தை மாற்றி எழுதுகிற வேலையைச் சிப்பின் தனிப் பகுதிக்குக் கொடுக்கிற வசதி) போட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: வெளியூரிலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் திறந்து வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு வலுவானதுதான். பரவாயில்லையா?

பதில்: இந்தப் பத்தியை முடிப்பதற்கு முன் மூடுங்கள். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்கிற நெட்வொர்க் டிஸ்க் பெட்டிகள் இணையம் வழியாகத் துடைக்கப்பட்டபோது யாருடைய பாஸ்வேர்டும் உதவவில்லை, ஓட்டை மென்பொருளிலேயே இருந்தது. வயர்கார்டு என்கிற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனிப் பாதை) போட்டுக்கொண்டு அதன் வழியாக உள்ளே வாருங்கள்.

கேள்வி: இரண்டு டிஸ்க் வாங்கி ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதுகிற முறை) போட்டுவிட்டால் பேக்கப் தேவையில்லைதானே?

பதில்: தேவை. ஒரு டிஸ்க் செத்தால் சர்வர் நிற்காமல் ஓடும், ரெய்டு தருவது அவ்வளவுதான். ஒரு மாலை நான் தவறான ஃபோல்டரை அழித்தேன். இரண்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் சொன்னபடி அழித்துவிட்டன. அப்பா பேசிய ஒரே வீடியோ அதில் இருந்தது, அதை இன்றுவரை மீட்க முடியவில்லை.

வீட்டுக்கு ரெய்டு அவசியமே இல்லை. சர்வர் ஒரு நாள் நின்றால் யாருக்கும் நஷ்டம் கிடையாது. அந்த இரண்டாவது டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மாட்டி, காப்பி எடுத்து, கழற்றிவிடுங்கள். போட்டோக்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு சின்ன டிஸ்க் போதும், அதை அக்கா வீட்டிலோ அலுவலக டிராயரிலோ வையுங்கள். கடைசியாகக் காப்பி எடுத்த தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து நாலு படங்களைத் திறந்து பாருங்கள்.