பல்சருக்கு வீட்டிலேயே ஒயில் மாற்றலாமா?

கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் பழைய பல்சர் 150 மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கையேடு தொலைந்துவிட்டது. கராஜில் 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்கிறார்கள். நண்பர் 5000 வரை ஓடலாம் என்கிறார். இனி வீட்டில் நானே மாற்றலாம் என்று யோசிக்கிறேன். எந்த ஒயில் வாங்குவது? அண்ணாவின் காருக்கு வாங்கியதில் ஒரு லீற்றர் மிச்சம் கிடக்கிறது, அதை ஊற்றலாமா? டீசல் விட்டுக் கழுவ வேண்டுமா? மனைவியின் டியோ ஸ்கூட்டருக்கும் இதே ஒயில் சரிவருமா?"

ஓம், தாராளமாக நீங்களே மாற்றலாம். மிச்சம்பிடிக்கும் கூலி பெரிய காசில்லை. ஆனால் எஞ்சினுக்குள் என்ன போகிறது, அதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று இரண்டையும் உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கராஜ் வாங்கில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டுமே தெரியாது.

முதலில் கார் ஒயில் விஷயத்தை முடித்துவிடுவோம். அதை அண்ணாவிடமே திருப்பிக் கொடுங்கள். காரில் எஞ்சினுக்கு ஒரு ஒயில், கியர்பெட்டிக்கு வேறு ஒயில், கிளச்சோ ஒயில் படாமல் வெளியே இருக்கும். உங்கள் பல்சரில் ஒரே ஒரு லீற்றர் ஒயில்தான் பிஸ்டனையும் கியரையும் கிளச்சையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பல கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலக்கிறார்கள். அது கிளச் தட்டுகளில் படிந்தால் கிளச் வழுக்கத் தொடங்கும். எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. இதைத் தவிர்க்கத்தான் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கு ஜப்பானியர்கள் ஜாசோ என்ற தரக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். போத்தலின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் உங்கள் வண்டிக்குச் சரி.

அடுத்தது தடிப்பு. பல்சர் 150க்கு 20டபிள்யூ-50. முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு, கடைசி எண் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே முதல் எண்ணைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை. காற்றால் மட்டும் குளிரும் எஞ்சின், சித்திரை வெயில், ஆஸ்பத்திரி வீதி நெரிசல் என்று பார்த்தால் 50தான் முக்கியம்.

எத்தனை கிலோமீற்றர் என்ற சண்டையில் கராஜ்காரரும் நண்பரும் ஆளுக்குப் பாதி சரி. கியர்ப் பற்கள் ஒயிலை ஓயாமல் நசுக்குவதால் மோட்டார் சைக்கிளில் ஒயிலின் தடிப்பு காரைவிட வேகமாகக் குறைகிறது. அதோடு சந்தைக்கு, ரியூசனுக்கு, கோயிலுக்கு என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிறுத்துகிற வண்டியில் ஒயில் நன்றாகச் சூடாகாது. எரியாத பெற்றோலும் ஈரமும் ஆவியாகப் போகாமல் அதிலேயே தங்கும். நாளாந்தம் கிளிநொச்சிவரை போய்வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. சாதாரண மினரல் ஒயில் என்றால் ஊருக்குள் ஓடும் வண்டிக்கு 2500, நீண்ட ஓட்டத்துக்கு 3000 என்பது என் கணக்கு. ஓடாமலே நின்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 1500க்கு மாற்றுவதால் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை, பொக்கற்றுக்குத்தான். 5000 ஓட நினைத்தால் நல்ல சிந்தெற்றிக் ஒயிலும், இடையிடையே மட்டம் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, கை சுடாத அளவுக்கு ஆறவிட்டு, சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மேலே ஒயில் ஊற்றும் மூடியைச் சற்றுத் திறந்துவிடுங்கள். எஞ்சினின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானரோ சொக்கட்டோ போடுங்கள். திருகு ஸ்பானர் வேண்டாம், தலையை வழித்துவிடும். குனிந்து மேலேயிருந்து பார்க்கும்போது கழற்றும் திசை குழப்பும். கழற்றுவதாக நினைத்து இறுக்கி மரையை உடைத்தவர்கள் பலர். போல்ட்டின் தலையைக் கீழேயிருந்து நேரே பார்த்து, மணிக்கூட்டு முள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள்.

இந்த மரை விஷயத்தில்தான் கவனம் முழுவதும் வேண்டும். போல்ட் இரும்பு, அது ஏறும் இடம் அலுமினியம். கூடுதலாக இறுக்கினால் தோற்பது அலுமினியம்தான். பிறகு லேத்தில் கொடுத்து மரை போடும் செலவில் பல தடவை ஒயில் மாற்றியிருக்கலாம். திரும்பப் பூட்டும்போது புது வொஷர் போட்டு, கடைசிச் சுற்றுவரை கையாலேயே ஏற்றுங்கள். பாதியில் இறுகினால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றித் திரும்பத் தொடங்குங்கள். முடிவில் ஸ்பானரைத் தலைக்குக் கிட்டப் பிடித்து, வொஷர் அமர்ந்தபின் ஒரு சிறு அழுத்தம் போதும். ஸ்பானர் நுனியில் குழாய் மாட்டி இழுப்பதோ, காலால் மிதிப்பதோ கூடாது.

ஒயில் வடிய ஒரு கால் மணித்தியாலம் விடுங்கள். வடிந்ததை வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருப்பது குற்றமில்லை, அழுக்கை அது தன்னோடு கொண்டுவந்திருக்கிறது. மினுங்கும் நுண்தூள் கொஞ்சம் இருந்தாலும் பயமில்லை. விரலில் தட்டுப்படும் உலோகத் துண்டு வந்தால் மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும். பால்தேத்தண்ணி நிறம் என்றால் உள்ளே தண்ணீர், மாரி வெள்ளத்தில் ஓட்டியிருந்தால் இது நடக்கும். பெற்றோல் கடுமையாக மணந்தால் காபரேற்றர் வழியக்கூடும்.

டீசல் கழுவல் வேண்டவே வேண்டாம். எவ்வளவு வடித்தாலும் மூலைமுடுக்கில் கொஞ்சம் தங்கி, புது ஒயிலை நீர்க்கச் செய்யும். 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியதை அந்தக் காலத்து மெக்கானிக்மாரிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அன்று வேறு வழியில்லை. இன்று வேண்டுமென்றே டீசல் ஊற்ற என்ன தேவை?

பல்சரின் பக்கவாட்டில் சிறு மூடிக்குள் கடதாசி வடி (ஒயில் பில்டர்) ஒன்று உண்டு. விலை அதிகமில்லை, ஆகவே ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொண்டால் வடியை மறுபக்கமாகப் போட்டு ஒயில் பாதையை அடைக்கும் ஆபத்து இல்லை. றப்பர் வளையத்துக்குப் புது ஒயில் கொஞ்சம் தடவிப் பூட்டுங்கள்.

ஊற்றும்போது முழுப் போத்தலையும் ஒரேயடியாகக் கவிழ்க்காதீர்கள். முக்கால் லீற்றருக்குச் சற்று மேலே ஊற்றி, இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, கொஞ்சநேரம் கழித்து மட்டம் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டினால் ஒயில் நுரைக்கும், சீல்களில் கசியும். அடுத்த நாள் காலை எஞ்சினுக்கு அடியில் ஒரு கடதாசி விரித்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஒயிலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விடமாட்டேன். கோடிப்புறத்தில் ஊற்றுவது, வேலித் தூணுக்கும் பனஞ் சிலாகைக்கும் கறையானுக்காகப் பூசுவது நம் ஊர் வழக்கம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, பெரும்பாலும் குடிப்பது கிணற்றுநீர். கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியதை அது தடுத்து நிறுத்தாது. சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. உங்கள் ஒரு லீற்றர் அந்த அளவுக்கு இல்லைதான், ஆனால் கிணறு உங்களுடையது. பழையதைப் பிளாஸ்ரிக் கானில் அடைத்து, 'பழைய ஒயில்' என்று எழுதி, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள். நாலைந்து லீற்றர் சேர்ந்ததும் கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். கையுறை போட்டே வேலை செய்யுங்கள். பாவித்த ஒயில் நாள்பட்டுத் தோலில் பட்டால் புற்றுநோய்வரை போகலாம். பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பெற்றோலால் அல்ல. வெறும் போத்தலை எறியமுன் கத்தியால் ஓட்டை போடுங்கள். போலி ஒயில் அடைப்பவர்களுக்கு அது கிடைக்கக்கூடாது.

டியோவுக்கு இந்த ஒயில் சரிவராது. அதற்கு 10டபிள்யூ-30, ஜாசோ எம்பி, அதாவது உராய்வு குறைந்த வகை. ஸ்கூட்டரில் கிளச்சானது ஒயிலில் ஊறுவதில்லை, ஆகவே எம்பி அதற்குப் பிழையில்லை. அதே போத்தலைத் தவறிப் பல்சருக்கு ஊற்றினால் கிளச் வழுக்கலாம். டியோவில் பின்சில்லுக்குக் கிட்ட கியர் ஒயில் வேறாக இருக்கிறது. அதற்கும் ஒரு வடிகால் போல்ட் உண்டு. எஞ்சின் ஒயில் என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு மேலதிகமாக ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எது எது என்று தெரியாவிட்டால் முதல் தடவை மெக்கானிக்கை வைத்துச் செய்வித்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.