கடலில் குளிக்கும் கரடி: சப்தரிஷி மண்டலம் பற்றி வாசகர் கேள்விகள்

பங்குனி நெருங்கினாலே சப்தரிஷி மண்டலம் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்தத் தடவை தொண்டி முதல் சாயல்குடி வரை இராமநாதபுரம் கரையோரத்தவர்கள் கேட்டதை மட்டும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். முன்கூட்டியே ஒன்று: மேல்நாட்டு வானியல் வழிகாட்டிகள் பெரும்பாலும் 40, 50 டிகிரி வடக்கில் இருப்பவர்களுக்காக எழுதியவை. நாம் இருப்பது 9 டிகிரியில். அவர்கள் பெருங்கரடியில் காண்பதும் நாம் சப்தரிஷி என்பதும் அதே ஏழு நட்சத்திரங்கள்தான். ஆனால் அந்தப் புத்தகங்களில் வரும் பாதி விவரத்தை இங்கே திருத்தித்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: "பெருங்கரடி மண்டலம் மறைவதே இல்லை, ஆண்டு முழுக்கத் தெரியும்" என்று படித்தேன். ஐப்பசியில் முன்னிரவு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லையே? (ஓலைக்குடா)

பதில்: நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். அந்த வரி கிரேக்க நாட்டு வானத்துக்கு உரியது. அதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் தோழி காலிஸ்டோ. தேவர் தலைவன் சியூஸ் அவள்மேல் கண் வைத்தான், பிள்ளையும் பிறந்தது. அவன் மனைவி ஹீரா புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபத்தையெல்லாம் அந்தப் பெண்மேல் காட்டி அவளைக் கரடியாக்கிவிட்டாள். மகன் ஆர்க்கஸ் வளர்ந்து வேட்டைக்கு வந்தபோது, எதிரே நிற்பது தாய் என்று தெரியாமல் ஈட்டியை ஓங்கினான். சியூஸ் குறுக்கே வந்து இருவரையும் தூக்கி வானத்தில் வைத்தான். ஹீராவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. கடல் தெய்வங்களிடம் போய், "இவள் உங்கள் தண்ணீரில் ஒருநாளும் இறங்கிக் குளிக்கக் கூடாது" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஹோமர் காலத்தில் அந்த ஏழு நட்சத்திரமும் துருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தனவே தவிர, கிரேக்கத்தின் கடல்கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. கண்ணால் கண்டதற்குக் காரணம் சொல்லக் கட்டிய கதை அது.

ஹீராவின் தடை நம் கடலில் செல்லாது. இராமேசுவரம் வந்து தீர்த்தமாடாமல் திரும்பியவர் யார்? கரடியும் தினம் சுமார் 10 மணி நேரம் கடலுக்குள் கிடந்துவிட்டுத்தான் எழுகிறது. முன்னிரவில் அப்படி மூழ்கிக் கிடக்கும் மாதம்தான் ஐப்பசி. அப்போது பின்னிரவு 2 மணிக்கு மேல்தான் ஒவ்வொன்றாக வடகிழக்கில் தலைகாட்டும். மார்கழியில் விடிகாலை 5 மணிக்குக் கோலம் போட எழுகிறவர்களுக்கு வடக்கே உச்சத்தில் நிற்கும். மாசிக் கடைசி, பங்குனியில் முன்னிரவிலேயே எழுந்துவிடும். சித்திரை, வைகாசிதான் வசதியான மாதங்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு சலுகை இருக்கிறது. தேவிபட்டினம், தொண்டிக் கரைகள் கிழக்கே பார்த்தவை. அங்கே எழுவதை மட்டும்தான் கடல்மேல் பார்க்கலாம். ஓலைக்குடா இருப்பது இராமேசுவரம் தீவின் வடகரையில். வடக்கிலிருந்து வடமேற்கு வரை பெண்கடல் (பாக் விரிகுடா) திறந்து கிடப்பதால் மறைவதையும் பார்க்கலாம். ஆடி நடுவில் இரவு பத்தாவதற்குச் சற்று முன் முதல் நட்சத்திரம் இறங்கும். கடைசி நட்சத்திரம் இறங்க நள்ளிரவாகும். கச்சான் காற்று கிளப்பிய மங்கல் இல்லாத நாளாக அமைய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: துருவ நட்சத்திரம் வானத்திலேயே பிரகாசமானது என்கிறார்கள். பாம்பனில் வடக்கே அப்படி எதுவும் தெரியவில்லை. (பாம்பன், நாட்டுப்படகு மீனவர்)

பதில்: அது பரவலான தவறான எண்ணம். பிரகாச வரிசையில் துருவம் முதல் 40 இடத்துக்குள்கூட வராது. அதோடு, ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, துருவமும் அத்தனை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். உங்களுக்கு 9 டிகிரி சொச்சம். கையை நன்றாக நீட்டி, முஷ்டி மடக்கி, அதன் கீழ்விளிம்பைக் கடல்கோட்டில் வையுங்கள். மேல்விளிம்பை ஒட்டி மங்கலாக ஒன்று நிற்கும். கடல் ஈரத்தையெல்லாம் தாண்டி வரும் வெளிச்சம் என்பதால் இன்னும் மங்கிப்போகும். அகப்பை வடிவில் நிற்கும் ஏழில், வாலுக்கு எதிர்முனையில் உள்ள முதல் இரண்டான புலகர், கிரது வழியாகக் கோடு போட்டு, அந்த இடைவெளியைப்போல் ஐந்து மடங்கு கீழே இறங்கினால் அதில் போய் நிற்பீர்கள். கடலில் ஜிபிஎஸ் கருவிக்கு இது ஈடாகாது. ஆனால் பேட்டரி தீர்ந்த இரவில் வடக்கு எது என்பதில் சந்தேகம் வராது. ஏழும் மூழ்கிய ஐப்பசி, கார்த்திகையில் எதிர்ப்பக்கத்தில் 'எம்' எழுத்துப்போல் நிற்கும் காசியோப்பியாவை வைத்துத் திசை பிடிக்கலாம்.

அரபு மாலுமிகள் இதையே கருவியாக்கி வைத்திருந்தார்கள். கமால் என்பது ஒரு சிறு பலகை, நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ்விளிம்பைக் கடல்கோட்டிலும் மேல்விளிம்பைத் துருவத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அது எந்தத் துறைமுகத்தின் உயரம் என்று தெரிந்துவிடும். வடக்கே 111 கிலோமீட்டர் போனால் துருவம் 1 டிகிரி ஏறும். சென்னைக்குப் போனால் இங்கே இருப்பதைவிட ஏறத்தாழ 4 டிகிரி மேலே.

கேள்வி: தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். காலை 9 மணிக்கு ஐயர் அருந்ததியைக் காட்டினார், நானும் தலையாட்டினேன். உண்மையில் அது அங்கே இருந்ததா? (மண்டபம்)

பதில்: தலையாட்டாமல் கல்யாணம் நடக்காது, அதை விடுங்கள். அருந்ததி அப்போது வானத்தில் இருந்தது என்பதுதான் சுவாரசியம். தை நடுவில் காலை 9 மணிக்கு நம் கரையில் அது வடமேற்கில் 25 டிகிரி உயரத்தில் இருக்கும். மறைத்தது சூரிய வெளிச்சமும் சாமியானாவும்தான். ஐயர் எந்தத் திசையில் கை காட்டினார் என்று வீடியோவில் பாருங்கள்.

ராத்திரியில் பார்ப்பதற்கு நம் பெரியவர்கள் நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: முதலில் பக்கத்திலுள்ள பெரியதைக் காட்டி, அதிலிருந்து சிறியதுக்குக் கண்ணை நகர்த்துவது. ஏழில் ஆறாவது, வால் வளையும் இடத்தில் இருப்பது, வசிட்டர். அவரை ஒட்டி மங்கலாக நிற்பவள் அருந்ததி. இடைவெளி முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கண்ணாடி போட்டும் இரண்டாகப் பிரியவில்லை என்றால் மேகத்தைப் பாருங்கள். மேகமும் இல்லையென்றால் கண் டாக்டரைப் பாருங்கள்.

ஆறு ரிஷிபத்தினிகள் கார்த்திகை நட்சத்திரங்களாகிப் போக, அருந்ததி மட்டும் கணவர் பக்கத்தில் தங்கினாள் என்பது மகாபாரதம் சொல்லும் கதை. பங்குனிக் கடைசியில் இரவு 8 மணிக்குக் கரையில் நின்றால் கதை முழுக்க வானத்தில் விரிந்திருக்கும்: மேற்கே ஆறாமீன் கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும், வடகிழக்கே ரிஷிகள் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

டெலஸ்கோப் வேறொரு கதை சொல்கிறது. 1617இல் கலிலியோவின் நண்பர் காஸ்டெல்லி வசிட்டரே இரண்டு நட்சத்திரம் என்று கண்டார். 1889இல் அந்த இரண்டில் ஒன்று மறுபடி இரண்டாகப் பிரிந்தது. நிறமாலையை வைத்துக் கண்டுபிடித்த முதல் இரட்டை அதுதான். இன்றைய கணக்கில் வசிட்டர் நாலு, அருந்ததி இரண்டு, ஆக ஆறு. அருந்ததியின் சிறு துணை தெரியவந்தது 2009இல்தான்.

கேள்வி: நவகிரகங்களில் எதுவும் சப்தரிஷிகள் பக்கம் போவதில்லையே, ஏன்? (தேவிபட்டினம்)

பதில்: கிரகங்கள் எல்லாம் ராசிகள் வழியாகப் போகும் ஒரே பட்டையில் ஓடுபவை. சப்தரிஷி மண்டலம் அதற்கு வெகுதூரம் வடக்கே. அங்கே பிரகாசமாக ஏதாவது நகர்ந்தால் அது செயற்கைக்கோள், அல்லது விமானம்.

கேள்வி: ஏழு நட்சத்திரமும் உண்மையில் ஒரே கூட்டமா? (தொண்டி)

பதில்: நடுவில் உள்ள ஐந்தும் ஒரே குடும்பம். புலகர், புலஸ்தியர், அத்திரி, அங்கிரஸ், வசிட்டர் ஐவரும் சுமார் 80 ஒளியாண்டுத் தொலைவில் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்கிறார்கள். இதை 1869இல் பிராக்டர் என்ற ஆங்கிலேயர் கவனித்தார். இரு முனையிலும் உள்ள கிரதுவும் மரீசியும் 100 ஒளியாண்டுக்கு அப்பால், வேறு வழியில் போகிறவர்கள். அதனால் லட்சம் ஆண்டுகளில் இந்த வடிவம் கலைந்துவிடும்.

கேள்வி: கரடி எங்கே இருக்கிறது? எப்படிப் பார்த்தாலும் எனக்கு அகப்பைதான் தெரிகிறது. (கீழக்கரை, கல்லூரி மாணவி)

பதில்: அந்த ஏழும் கரடியின் பின்பாதியும் வாலும் மட்டும். வானத்தின் 88 மண்டலங்களில் பரப்பளவில் இது மூன்றாவது. நமக்கு இன்னொரு சிக்கல்: வடக்கே உச்சத்தில் நிற்கும்போது கரடி மல்லாந்து கிடக்கும், முதுகு கடல் பக்கம், கால் நாலும் மேலே. அகப்பையும் கவிழ்ந்தே இருக்கும். ஆகவே புத்தகப் படத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். பாதங்கள் இருக்கும் இடத்தில் மூன்று ஜோடி நட்சத்திரங்கள் வரிசையாகத் தெரியும். அரபுக்காரர்கள் கரடியை மறந்துவிட்டு அவற்றை மான் தாவிய மூன்று குளம்படிகள் என்றார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அவற்றில் கிழக்குக் கோடியில் உள்ள ஜோடியின் தெற்கு நட்சத்திரம் ஓர் இரட்டை. 60 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும். ஓர் இரட்டை நட்சத்திரத்தின் சுற்றுப்பாதையை முதன்முதலாகக் கணக்கிட்டது இதற்குத்தான், 1828இல்.

உங்கள் ஊர்க் கடல் தெற்கே. வடக்கே பார்த்தால் ஊர் விளக்குதான் கண்ணில் அடிக்கும். மண்டபத்து வடகரைக்குப் போய்விடுவது உத்தமம். தனுஷ்கோடியை நினைக்க வேண்டாம். பொழுது சாய்ந்தால் அங்கிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: 10×50 பைனாகுலர் வாங்கியிருக்கிறேன். இந்த மண்டலத்தில் கேலக்ஸி ஏதாவது அகப்படுமா? (சாயல்குடி)

பதில்: அகப்படும், அதுவும் ஜோடியாக. புலஸ்தியரிலிருந்து கிரதுவுக்கு அகப்பையின் குறுக்கே கோடு இழுத்து, அதே நீளம் அந்தப் பக்கம் போங்கள். எம் 81, எம் 82 என்ற கேலக்ஸிகள் இரண்டும் ஒரே பார்வை வட்டத்தில் விழும். ஒன்று முட்டை வடிவப் புகை, இன்னொன்று சுருட்டுப்போல் மெலிந்தது. 1774இல் போடே என்ற ஜெர்மானியர் கண்டவை. சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு.

நம் கரையில் இவை எவ்வளவு ஏறினாலும் 30 டிகிரிக்கு மேல் போகாது. பங்குனிக் கடைசியில் இரவு 9 மணிக்கு அந்த உயரத்தில் இருக்கும். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். கையால் பிடித்தால் நடுங்கும், படகின் விளிம்பிலோ சுவரிலோ முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். நேராக முறைத்தால் மறைந்துவிடும். கண்ணை ஒரு மயிரிழை விலக்கிப் பார்த்தால் திரும்ப வரும். அப்படிப் பழக ஒரு ராத்திரி போதாது.

எம் 81 பக்கத்தில் வந்து இழுத்த இழுப்பில்தான் எம் 82க்குள் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கின்றன. 2014 ஜனவரி 21 அன்று லண்டனில் ஆசிரியர் ஸ்டீவ் ஃபாசி மாணவர்களுக்கு டெலஸ்கோப் பழக்கிக்கொண்டிருந்தார். எம் 82இல் புதிதாக ஒரு புள்ளி நின்றது. வெடித்துச் சிதறும் நட்சத்திரம், அதாவது சூப்பர்நோவா. பாடம் நடத்தப் போன இடத்தில் கிடைத்த அதிர்ஷ்டம்.

மரீசி, வசிட்டர் இருவரோடும் முக்கோணமாக அமையும் எம் 101 கேலக்ஸியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புள்ளிவிவரத்தில் பிரகாசமாக இருக்கும். ஆனால் அந்த வெளிச்சம் அகலமாகப் பரவிக் கிடப்பதால் கடல் ஈரத்தில் கரைந்துபோகும். 2023 மே மாதம் ஜப்பானியர் இதாகாகி அதில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டார். புலகருக்குப் பக்கத்திலுள்ள ஆந்தை நெபுலா (வாயு மேகம்) எம் 97க்கு 6 அங்குல டெலஸ்கோப்பாவது வேண்டும். அதன் இரண்டு கண்களும் தெரிய இன்னும் பெரியது.

கேள்வி: சங்கப் பாட்டில் சப்தரிஷி மண்டலம் உண்டா? (தங்கச்சிமடம், ஆசிரியர்)

பதில்: உண்டு, அதுவும் நெய்தலில். நற்றிணை 231ஆம் பாட்டில் பெருங்கடல் பரப்பில் சிறுவெண்காக்கைகள் கூட்டமாக நீராடும் காட்சிக்கு, நீலமணி நிற வானத்தில் 'கைதொழும் மரபின் எழுமீன்' உவமையாக வருகிறது. இங்கேயும் எழுமீனும் கடலில் குளிப்பதும் சேர்ந்தே வருகின்றன. வகுப்பில் நடத்தும்போது ஏழு மீனும் கடல்மேல் நிற்கும் இரவொன்றில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். கிரேக்கக் கதையைவிட இது சீக்கிரம் மனதில் நிற்கும்.

கேள்வி: ஹப்பிள் டெலஸ்கோப் ஒன்றுமே இல்லாத இடத்தைப் படம் எடுத்ததாமே, இந்த மண்டலத்திலா? (ஏர்வாடி)

பதில்: ஆமாம். 1995 டிசம்பரில் 10 நாள் ஒரே புள்ளியை உற்றுப் பார்த்தது. அத்திரிக்குச் சற்று வடக்கே, நிலவின் அகலத்தில் 12இல் ஒரு பங்கு இடம். வெறும் இருட்டு என்று நினைத்த அந்தத் துண்டில் சுமார் 3,000 கேலக்ஸிகள் தெரிந்தன.

கேள்வி: செல்போனில் படம் எடுக்க முடியுமா? (தொண்டி)

பதில்: ஏழு நட்சத்திரமும் தாராளமாக விழும். கேலக்ஸிக்கெல்லாம் ஆசைப்படக் கூடாது. ஸ்டாண்டில் நிறுத்தி, நைட் மோடில் 10 விநாடி கொடுங்கள். போனைத் தொட்ட அதிர்வு படாமல் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். கடல்காற்றில் லென்ஸில் உப்பு படிந்து வெளிச்சமெல்லாம் பரவிப்போகும். அதைச் சட்டைத் துணியால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு துடையுங்கள்.