சூப்பர் ஹீரோ பொம்மைகள்: காரைக்குடியிலிருந்து கேள்வி பதில்

தேவகோட்டை தம்பி: புது மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசைப் பொம்மையின் முழங்கையில் மூட்டைக் கோக்கும் ஆணித்தலையே தெரியவில்லையே, உறுதியாக இருக்குமா?

இருக்கும். முன்பெல்லாம் தோல் நிறக் கையில் வேறு நிற ஆணி பொட்டு வைத்தது போலத் தெரியும், இப்போது மூட்டை உள்ளேயே அடக்கிவிடுகிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம். ஆனால் பெட்டியைத் திறந்த வேகத்தில் திருகாதீர்கள். பெயிண்ட் மூட்டில் ஒட்டிப் பிடித்திருக்கும். வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து மெதுவாக அசையுங்கள். அவசரப்பட்டு ஒரு மணிக்கட்டை ஒடித்தவன் நான், இன்னும் மனசு ஆறவில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி: மகன் வாங்கிய பொம்மைகள் கால் வளைந்து சாய்கின்றன.

வெயில்தான் ஆச்சி. பொம்மையின் பிவிசி பிளாஸ்டிக் சூட்டில் இளகும். வெந்நீரில் முக்கிக் காலை நிமிர்த்தி, பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் வையுங்கள், நிற்கும். அப்புறம் முற்றத்து வெயில் படாத உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள்.

பள்ளத்தூர் நண்பர்: முழங்கால் இறுகிக் கிடக்கிறது, திருகலாமா?

கூடாது. வெந்நீர், மேலே சொன்னதுதான்.

காரைக்குடி அண்ணன்: மூட்டு மூட்டாக வெட்டி அழகைக் கெடுத்துவிட்டார்கள். 2002இல் டாய் பிஸ் கம்பெனி செய்த லெஜண்ட்ஸ்தான் பொம்மை.

அண்ணே, இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. அந்த டாய் பிஸ் பொம்மைகளில் பலவற்றுக்கு விரலில்கூட மூட்டு இருந்ததே! 2007இல் லெஜண்ட்ஸ் ஹாஸ்ப்ரோ கம்பெனி கைக்கு வந்தபின் காணாமல்போனவற்றில் அதுவும் ஒன்று. தோளை முன்னும் பின்னும் மடக்கும் பட்டாம்பூச்சி மூட்டு இல்லாமல் ஸ்பைடர்மேனைச் சுவரில் பதுங்க வைக்க முடியுமா? முகத்துக்கு வாருங்கள். அப்போது கண் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே பார்க்கும். இப்போது முகத்தை அச்சிடுவதால் நடிகரின் சாடை அப்படியே வருகிறது.

அதே அண்ணன்: மார்புக்குக் குறுக்கே ஓடும் வெட்டு உறுத்தவில்லையா?

சட்டையில்லாத உடம்பில் உறுத்தும், ஒப்புக்கொள்கிறேன். சும்மா நிற்கும் சூப்பர்மேனுக்கு அது தேவையில்லைதான். மெக்ஃபார்லேன் கம்பெனிப் பொம்மைகளின் செதுக்கல் உங்களுக்குப் பிடிக்கலாம், ஆனால் அது ஏழு அங்குலம், ஆறு அங்குல லெஜண்ட்ஸ் பக்கத்தில் வைத்தால் பொருந்தாது.

புதுவயல் தம்பி: பொம்மை பிசுபிசுக்கிறது.

பிவிசியை மிருதுவாக்கச் சேர்த்த பொருள் கசிகிறது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காற்றாட வையுங்கள்.

கோட்டையூர் நண்பர்: தோள்பட்டை அசையவே இல்லை...

வெந்நீர், வெந்நீர். தயவுசெய்து மேலே படியுங்கள்.

காரைக்குடி தங்கை: முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செல்லுலாய்டு பொம்மை வாங்கினேன், கை நசுங்கியிருக்கிறது. இதற்கும் வெந்நீர்தானா?

வேண்டவே வேண்டாம் அம்மா! செல்லுலாய்டு பழங்காலத்துப் பிளாஸ்டிக், சூட்டில் உருக்குலைந்துவிடும், தீப்பொறி பட்டால் சட்டெனப் பற்றும். அது என் துறையில்லை, வாங்கிய கடைக்காரரையே கேளுங்கள். அதுவரை அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.